பிரீமியம் வாங்கும்போது குண்டு, க்ளெய்ம் கொடுக்கும்போது ஒல்லியா? காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம்,
ஹைதராபாத்.

மதிப்பிற்குரியவர்களே,

எக்ஸ்க்ளூஷன் 06 என்ற விலக்கு விதி பற்றி எழுதுகிறேன். 2019-ல் நீங்கள் வெளியிட்ட வழிகாட்டுதல் வழியாக எல்லா நிறுவனங்களின் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிப் புத்தகங்களிலும் ஒரே வாசகமாக ஏறி, இன்றுவரை அப்படியே அச்சாகிக்கொண்டிருக்கும் பத்தி அது. உடல்பருமனுக்கான அறுவை சிகிச்சைக்குப் பணம் கிடைக்க, உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. எண் 40 இருக்க வேண்டும் என்கிறது. இல்லையென்றால் 35 இருந்து, கூடவே பருமனால் வந்த இதயத்தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், கடுமையான ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய்), கட்டுக்குள் வராத சர்க்கரை ஆகியவற்றில் ஒன்றாவது இருந்து, எடையைக் குறைக்கும் எளிய வழிகள் எல்லாம் தோற்றிருக்க வேண்டும்.

என் தங்கைக்கு 44 வயது. உயரம் 152 செ.மீ., எடை 78 கிலோ, பி.எம்.ஐ. 33.8. இரண்டு வேளை இன்சுலின் போட்டும் மூன்று மாத சராசரிச் சர்க்கரை (எச்.பி.ஏ1சி) 10-க்குக் கீழே இறங்க மறுக்கிறது. முகத்தில் காற்றை அழுத்தித் தரும் சி-பாப் மாஸ்க் மாட்டாமல் ஒரு இரவும் தூங்க முடியாது. உங்கள் பட்டியலில் உள்ள நான்கு நோய்களில் இரண்டு அவளிடம் இருக்கின்றன. சர்க்கரை மருத்துவரும் அறுவை சிகிச்சை நிபுணரும் சேர்ந்து எழுதிக்கொடுத்த சிகிச்சைக்கு முன் அனுமதி கேட்டோம். நிராகரித்தார்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதினோம். அங்கிருந்தும் அதே வாசகம், தேதி மட்டும் வேறு.

ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் இருந்த பெண் பைலைத் திருப்பிக் கொடுக்கும்போது, "அக்கா, இன்னும் மூணு கிலோ இருந்திருந்தா அப்ரூவ் ஆகியிருக்கும்" என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னாள். கணக்கும் சரியாகத்தான் இருக்கிறது: 81 கிலோ என்றால் 35-ஐத் தொட்டுவிடும். பக்கத்தில் நின்ற இன்னொருவர் இதைவிட எளிய யோசனை வைத்திருந்தார். உயரத்தை 149 என்று எழுதிக்கொண்டு வந்துவிடுங்கள், எடையைத் தொடவே வேண்டாம், 35.1 வந்துவிடும் என்றார். சர்க்கரை நோயாளி ஒருத்தியை மூன்று கிலோ ஏற்றிக்கொண்டு வரச் சொல்கிறது உங்கள் விதி, இல்லாவிட்டால் மூன்று சென்டிமீட்டர் பொய் சொல்லச் சொல்கிறது. இரண்டையும் செய்யாதவளுக்கு அதில் இடமில்லை.

நான் காப்பீட்டு முகவர். திண்டுக்கல்லிலும் சுற்றுவட்டாரத்திலும் வீடு வீடாகப் போய்ப் பாலிசி எழுதிக் கொடுத்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். பையில் ப்ரபோசல் ஃபார்மோடு ஒரு டேப்பும் இருக்கும். சுவரோரம் நிற்கவைத்து உயரம் எடுப்பதும், "எடை எவ்வளவும்மா, சரியாச் சொல்லுங்க" என்று கேட்பதும் என் வேலை. தங்கையின் பாலிசியை எழுதியதும் நான்தான். அன்று அவள் எடை 70 கிலோ, பி.எம்.ஐ. 30.3. "உடல் எடை காரணமாக" என்று குறிப்பெழுதி நிறுவனம் பிரீமியத்தில் 20 சதவீதம் லோடிங், அதாவது கூடுதல் கட்டணம், போட்டது. எட்டு வருடமாக ஒரு தவணை தவறாமல் அந்த லோடிங்கையும் சேர்த்துக் கட்டி வருகிறாள்.

என் கோபமெல்லாம் இந்த இடத்தில்தான். பணம் வாங்கும்போது 30-ஏ பருமன், ஆபத்தான உடம்பு, கூடுதல் காசு வை. கொடுக்க வேண்டிய நாளில் 33.8 போதாது, நீ அவ்வளவு குண்டில்லை, போய் வா. ஒரே நிறுவனம், ஒரே உடம்பு, இரண்டு அளவுகோல். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஒன்றின் பெயரை எழுதினால் மற்றவை தப்பித்துக்கொள்ளும், நான் பார்த்தவரை எல்லோருடைய புத்தகத்திலும் இதே பத்திதான் இருக்கிறது. அந்தப் பத்தியைத் தந்தது நீங்கள் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

40, 35 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தேன். 1991-ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய ஒரு மாநாட்டில் எடுத்த முடிவு அது. அறுவை சிகிச்சை என்றால் வயிற்றை நீளமாகக் கிழித்துச் செய்த காலம். கொழுப்புத் திசுவிலிருந்து மூளைக்குப் போய் "போதும்" என்று சொல்லும் லெப்டின் ஹார்மோனையே நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு 1994-ல்தான் கண்டுபிடித்தது. அதற்கும் மூன்று வருடம் முன்பு, வேறொரு நாட்டு உடம்புகளைப் பார்த்து வைத்த எண்கள் இவை. அவர்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை நமக்குப் போட்டுப் பார்த்து, உடம்புதான் சரியில்லை என்கிறோம்.

நம் உடம்பு வேறு என்பது வீட்டுப் பேச்சு அல்ல, பதிவான அறிவியல். புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கினும் 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் தாங்கள் இருவரும் சேர்ந்து நிற்கும் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2 சதவீதம். எடை மெஷின் இருவரையும் ஒன்று என்கிறது, உள்ளே இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். நமக்குத் தசை குறைவு, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு அதிகம், சர்க்கரையும் சீக்கிரமே வருகிறது. அதனால்தான் 2009-ல் இந்திய மருத்துவ வல்லுநர்கள் கூடி, இந்தியர்களுக்குப் பருமன் 25-லேயே தொடங்குகிறது என்று வகுத்தார்கள். அறுவை சிகிச்சைக்கான வரம்பையும் அப்போதே சொல்லிவிட்டார்கள்: துணை நோய் இருந்தால் 32.5, இல்லாவிட்டால் 37.5. அந்தக் கணக்கில் என் தங்கை தேறுகிறாள். உங்கள் வழிகாட்டுதல் வந்தது அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து. 2022-ல் அமெரிக்க, சர்வதேச அறுவை சிகிச்சை அமைப்புகள் இரண்டும் சேர்ந்து 1991-ன் எண்களைத் தாங்களே கைவிட்டன. ஆசிய மக்களுக்கு 27.5-லேயே இந்தச் சிகிச்சையை வழங்கலாம் என்றும் எழுதின. எண் பிறந்த நாட்டு மருத்துவர்களே தலைமுழுகிய பிறகும் நாம் அதைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

நிராகரிப்புக் கடிதத்தில் இரண்டாவதாக ஒரு காரணமும் இருந்தது. "காப்பீடு பெற்றவரின் நிலை வாழ்க்கைமுறை சார்ந்தது, எளிய எடைக்குறைப்பு முறைகள் போதிய அளவு முயன்று தோல்வியடைந்ததற்கு ஆதாரம் இல்லை." நாசூக்கான மொழி. இதைச் சாதாரண பேச்சில் சொன்னால், வாயைக் கட்டவில்லை, சோம்பேறி என்று அர்த்தம். தங்கை அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் காய் நறுக்கப் போய்விட்டாள். எனக்கு அப்படி விட முடியவில்லை.

நானும் அவளும் ஒரே வீட்டில், ஒரே பானைச் சோற்றில் வளர்ந்தவர்கள். நான் அப்பா ஜாடை. மூன்று பிள்ளை பெற்ற பிறகும் 54 கிலோவைத் தாண்டவில்லை, இதற்காக நான் எந்த வித்தையும் செய்தவளில்லை. இரவு பதினோரு மணிக்குப் பரோட்டா சாப்பிட்டுவிட்டுப் படுத்தாலும் காலையில் அதே எடை. அவள் அம்மா ஜாடை. அம்மா, பெரியம்மா, சித்தி, பாட்டி என்று கல்யாண ஆல்பத்தில் அந்தப் பக்கத்தார் நிற்கும் வரிசையைப் பார்த்தாலே தெரியும்: முப்பது வயதுவரை கொடி மாதிரி இருந்து, முதல் பிரசவத்தோடு இடுப்பில் ஏறத் தொடங்கும் உடல்வாகு. தண்ணீர் குடித்தாலே உடம்பு வைக்குது என்று அவர்கள் சொல்லும்போது வீட்டு ஆண்கள் சிரிப்பார்கள். வட்டில் நிறைய அள்ளிப் போட்டுக்கொண்டவர்கள் அந்த ஆண்கள்தான் என்பது வேறு விஷயம்.

ஒரே வீட்டுச் சாப்பாடா, ரத்தமா என்ற கேள்விக்கு டென்மார்க்கில் ஒரு தெளிவான விடை கிடைத்தது. ஆல்பர்ட் ஸ்டங்கார்டும் சக ஆய்வாளர்களும் தத்தெடுத்து வளர்க்கப்பட்ட 540 பேரை, அவர்கள் பெரியவர்களான பிறகு பார்த்து, 1986-ல் முடிவை வெளியிட்டார்கள். தத்துப்பிள்ளைகளின் உடல்வாகு பெற்றவர்களின் உடல்வாகோடு ஒத்துப்போனது. வளர்த்தவர்களோடு ஒரு தொடர்பும் இல்லை. சோறு போட்டவர்கள் யாரோ, உடம்பு தந்தவர்கள் வேறு யாரோ.

அடுத்து கனடாவின் கியூபெக்கில் க்ளோட் புஷார் நடத்திய சோதனை, 1990-ல் வெளிவந்தது. ஒரே கருவில் பிறந்த 12 ஜோடி இரட்டைச் சகோதரர்கள். அத்தனை பேரையும் கண்காணிப்பில் தங்கவைத்து, வாரத்தில் ஆறு நாள் வீதம் 84 நாட்கள், தேவைக்கு மேல் தினம் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு கூடுதல், அசைவுக்கும் கட்டுப்பாடு. கடைசியில் ஒருவருக்கு ஏறியது 4.3 கிலோ, இன்னொருவருக்கு 13.3 கிலோ. அதைவிட முக்கியமான செய்தி, ஒரு ஜோடிக்குள் ஏற்றம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது, ஜோடிக்கு ஜோடிதான் வித்தியாசம். அதே அளவு உணவை ஒரு உடம்பு எரித்துவிடுகிறது, இன்னொன்று சேர்த்து வைக்கிறது. எது என்ன செய்யும் என்பதைப் பெரும்பாலும் பிறப்பு தீர்மானித்துவிடுகிறது. எப்போதாவது உங்கள் அலுவலக மருத்துவக் குழுவினர் கூடும்போது இந்த ஒரு சோதனையையாவது மேசையில் வைத்துப் பேசச் சொல்லுங்கள்.

எந்த மரபணு என்பது பிறகுதான் தெரிந்தது. 2007-ல் எஃப்டிஓ என்ற மரபணுவில் ஒரு எழுத்து மாற்றம் பிடிபட்டது. அந்த மாற்றத்தை அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் பெற்ற பெரியவர்கள், யாரிடமிருந்தும் பெறாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதல் எடை. பருமனாகும் வாய்ப்பும் அவர்களுக்கு 1.67 மடங்கு. ஐரோப்பியர்களில் ஆறில் ஒருவர் இப்படி இரட்டைப் பிரதியோடு இருக்கிறார். சென்னையில் நடந்த ஆய்விலும் எஃப்டிஓ மாற்றங்களுக்கும் பருமனுக்கும் உள்ள தொடர்பு உறுதியானது. 2008-ல் லண்டனில் வாழும் இந்திய வம்சாவளியினரைக் கொண்டு நடந்த ஆய்வு எம்சி4ஆர் என்ற மரபணுவின் அருகே இன்னொரு மாற்றத்தைக் கண்டது. இரட்டைப் பிரதி உள்ளவர்களுக்கு இடுப்புச் சுற்றளவு சுமார் 2 செ.மீ. கூடுதல், இன்சுலினுக்கு உடல் பணியாமல் போவதிலும் அதற்குத் தனிப்பங்கு இருந்தது. பசியையும் நிறைவையும் மூளையில் நிர்வகிக்கிற வாசல்களில் ஒன்று எம்சி4ஆர். 2015-ல் 3.39 லட்சம் பேரின் தரவில் பி.எம்.ஐ.யோடு தொடர்புள்ள 97 டி.என்.ஏ. இடங்களைப் பட்டியலிட்டபோதும், அவற்றில் பல மூளையையே சுட்டின. பந்தியில் ஒருத்தி இரண்டாம் முறை சோறு கேட்பதற்கும் இன்னொருத்தி இலையை மூடுவதற்கும் நடுவில் மனக்கட்டுப்பாடு ஒன்றுதான் இருக்கிறது என்று எண்ணுவதற்கு இனிமேல் இடமில்லை.

உங்கள் நிறுவனங்கள் இதற்கு என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும், இந்தத் துறையில்தானே இருக்கிறேன். தாத்தா பாட்டி காலத்திலும் இதே மரபணுதான், அன்று இத்தனை குண்டர்கள் இல்லையே என்பார்கள். உண்மை. ஒரு தலைமுறைக்குள் மரபணு மாறாது, மாறியது தட்டும் நாற்காலியும்தான். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில், 2019-21-ல், தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் பி.எம்.ஐ. 25-ஐத் தாண்டியிருந்தார்கள். எண்ணெயும் சர்க்கரையும் மலிந்து, நடை குறைந்த ஊரில் எல்லோரும் வாழ்கிறோம். அதே ஊரில் நான் ஏறவில்லை, அவள் ஏறினாள். மரபணு செய்கிற வேலை அதுதான்: சூழல் கெடும்போது முதலில் அடிபடுவது யார் என்று முடிவு செய்கிறது. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களின் தரவைத் திரட்டி 2011-ல் வந்த ஆய்வில், உடலுழைப்பு உள்ளவர்களிடம் எஃப்டிஓவின் பாதிப்பு சுமார் 27 சதவீதம் குறைவாக இருந்தது. நடந்தால் குறையும். முழுக்கப் போய்விடாது. தங்கை நடக்கவில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். விடியற்காலை ஐந்து மணிக்கு மலைக்கோட்டை அடிவாரத்தில் நடக்கும் கூட்டத்தில் யாரைக் கேட்டாலும் அவளைத் தெரியும்.

அவள் எடையைக் குறைக்காமலும் இல்லை. ஒரு முறை 11 கிலோ குறைத்தாள். தினையும் குதிரைவாலியும், ராத்திரிக்கு வெறும் மோரும். ஒன்றரை வருடத்தில் அத்தனையும் திரும்ப வந்தது, இன்சுலின் தொடங்கியதும் மேலும் ஏறியது. இன்சுலினே எடை ஏற்றும் மருந்து என்பது எந்தச் சர்க்கரை டாக்டருக்கும் தெரியும். ஏன் திரும்ப வருகிறது என்பதற்கு மெல்போர்னில் நடந்த ஆய்வு 2011-ல் விடை சொன்னது. கடும் உணவுக் கட்டுப்பாட்டைத் தொடங்கிய 50 பேரில் கடைசிவரை இருந்த 34 பேரை ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும், பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் ஏறியபடியே, "போதும்" என்று சொல்பவை இறங்கியபடியே இருந்தன. குறைந்த எடையை மீட்கச் சொல்லி உடம்பு மாதக்கணக்கில் கத்திக்கொண்டிருக்கிறது. அந்தக் கூச்சலோடு ஒருத்தி பிள்ளைகளுக்குச் சமைத்து, டப்பா கட்டி, வேலைக்கும் போய் வருகிறாள். இதை முயற்சி போதவில்லை என்று குளிர்சாதன அறையில் உட்கார்ந்து எழுதியவரை ஒரு வாரம் அவள் தட்டில் சாப்பிடச் சொல்ல ஆசை.

இன்னொரு விசித்திரமும் சேர்ந்திருக்கிறது. காப்பீட்டு நிறுவனத்துக்காக க்ளெய்ம்களைப் பரிசீலிக்கும் டிபிஏ கேட்ட கேள்விகளில் ஒன்று, புதிய எடைக்குறைப்பு ஊசியை முயன்றீர்களா என்பது. 2025-ல் இந்தியச் சந்தைக்கு வந்த ஊசிகள் அவை. அறுவை சிகிச்சை வேண்டாம், ஊசியே போதும் என்றால் எங்களுக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஊசி புறநோயாளிச் செலவு, அவளுடைய பாலிசியில் வராது. நாங்கள் தரமாட்டோம், நீயே மாதாமாதம் வாங்கிப் போட்டுத் தோற்றுவிட்டு வா, அப்புறம் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசலாம் என்கிறார்கள். "எளிய வழிகளின் தோல்வி" என்ற உங்கள் சொற்களுக்கு விளக்கம் எங்குமே இல்லாததால் ஆளாளுக்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள்.

மரபணுவைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு ஒரு பயத்தையும் சொல்ல வேண்டும். பருமன் ரத்தத்தில் வருகிறது என்று நாங்கள் வாதாடினால், சரி, டி.என்.ஏ. பரிசோதனை ரிப்போர்ட்டைக் கொண்டுவா, அதைப் பார்த்து லோடிங் போடுகிறோம் என்று நிறுவனங்கள் திரும்பிவிடும். எச்சிலை ஒரு குழாயில் துப்பி அனுப்பினால் "உங்கள் ஒபிசிட்டி ரிஸ்க்" என்று வண்ண அறிக்கை அனுப்பும் வியாபாரம் ஏற்கெனவே நடக்கிறது. நானே பாலிசி வாடிக்கையாளர் ஒருவர் வீட்டில் அப்படி ஒரு அறிக்கையைப் பார்த்தேன். சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டங்கள், கடைசிப் பக்கத்தில் புரோட்டீன் பவுடர் சிபாரிசு. அதைக் காப்பீட்டு முடிவுக்கு அடிப்படையாக வைப்பது அநியாயம். எஃப்டிஓ ஒன்றை மட்டும் வைத்து ஒருவரைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது, இரட்டைப் பிரதி இருந்தும் ஒல்லியாக இருப்பவர்கள் ஏராளம். லட்சக்கணக்கான மாற்றங்களைச் சேர்த்துக் கணக்கிடும் மதிப்பெண்ணும் 2019-ல் வந்தது. மேல் பத்து சதவீதத்தினருக்கும் கீழ்ப் பத்து சதவீதத்தினருக்கும் நடுவயதில் சராசரி எடை வித்தியாசம் 13 கிலோ என்று அது காட்டியது. ஆனால் அதைக் கட்டியது பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளித் தரவை வைத்து. நம்மவர்களுக்கு அப்படியே பொருந்தாது. 40, 35 கதையை இன்னொரு முறை நடத்த வேண்டாம்.

இந்த விஷயத்தில் உங்கள் கை சுத்தமாகத்தான் தொடங்கியது என்பதையும் மறக்கவில்லை. 2018 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரதிபா எம். சிங், மரபணு நோய்கள் என்று பொத்தாம் பொதுவாக எழுதி க்ளெய்மை மறுப்பது பாகுபாடு என்று தீர்ப்பளித்தார். அடுத்த மாதமே, மரபணு நோயைக் காரணம் காட்டி க்ளெய்மை நிராகரிக்கக் கூடாது என்று நீங்கள் சுற்றறிக்கை அனுப்பினீர்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது தனிக்கதை. ஆனாலும் 2019 வழிகாட்டுதலில், நிறுவனங்கள் விலக்கி வைக்கக் கூடாதவற்றின் பட்டியலில் மரபணு நோய்களையும் நீங்கள் சேர்த்தீர்கள். அதே ஆவணத்தில் எக்ஸ்க்ளூஷன் 06-ம் இருக்கிறது. பிறப்பிலேயே ஆபத்தைச் சுமந்து வந்த உடம்புக்கு ஒரு பக்கத்தில் கதவைத் திறந்து இன்னொரு பக்கத்தில் சாத்திய மாதிரி ஆகிவிட்டது. 2024-ல் புதிதாகப் பாலிசி எடுப்பதற்கு இருந்த 65 வயது உச்சவரம்பை எடுத்தீர்கள், முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலத்தை 48 மாதத்திலிருந்து 36 மாதமாகக் குறைத்தீர்கள். நினைத்தால் நீங்கள் மாற்ற முடியும் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

எக்ஸ்க்ளூஷன் 06-ல் உள்ள 40-ஐ 37.5 என்றும், 35-ஐ 32.5 என்றும் உடனே மாற்றுங்கள். இதற்குப் புதிய கமிட்டி எதுவும் தேவையில்லை, 2009-லிருந்து எண்கள் தயாராக இருக்கின்றன. சர்க்கரை கட்டுக்குள் வராதவர்களுக்கு 2022 பரிந்துரையின் 27.5-ஐ ஏற்கலாமா என்பதற்கு வேண்டுமானால் கமிட்டி வையுங்கள், ஆறு மாதத்தில் அறிக்கை கேளுங்கள், அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வையுங்கள்.

பி.எம்.ஐ.யைக் காட்டி லோடிங் வாங்குகிற நிறுவனம், அதே நபரின் க்ளெய்மை பி.எம்.ஐ. போதாது என்று மறுக்கக் கூடாது என்று உத்தரவிடுங்கள். லோடிங்குக்கு எந்த அளவுகோலோ க்ளெய்முக்கும் அதுவே. முடியாது என்றால் லோடிங்காக வாங்கிய தொகையை வட்டியோடு திருப்பித் தரட்டும்.

"எளிய வழிகளின் தோல்வி" என்றால் என்ன, எத்தனை மாதம், யாருடைய சான்று என்று எழுதி வையுங்கள். சிகிச்சை தரும் மருத்துவர் ஆறு மாதம் கண்காணித்துக் கையெழுத்திட்டால் போதும் என்பது என் வேண்டுகோள். பாலிசி பணம் தராத மருந்தை முயலவில்லை என்பதைக் காரணமாகக் காட்டத் தடை வேண்டும். நிராகரிப்புக் கடிதத்தில் வாழ்க்கைமுறை, சுயகட்டுப்பாடு போன்ற தீர்ப்பு வார்த்தைகளுக்கும் தடை வேண்டும். எந்த விதி, எந்த எண் என்று மட்டும் எழுதட்டும்.

டி.என்.ஏ. பரிசோதனை முடிவைக் கேட்பதோ, தானாகக் கொடுத்தாலும் அதை வைத்துப் பிரீமியம் நிர்ணயிப்பதோ கூடாது என்று தெளிவாக எழுதுங்கள். வெல்னஸ் தள்ளுபடி என்ற பெயரில் பின்வாசல் வழியாகவும் அது வரக் கூடாது. அமெரிக்காவில் 2008-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது, மருத்துவக் காப்பீட்டில் குடும்ப நோய் வரலாற்றையும் அது மரபணுத் தகவலாகவே பார்க்கிறது. இங்கே அப்படித் தனிச் சட்டம் கிடையாது, உங்கள் சுற்றறிக்கைதான் எங்களுக்குச் சட்டம். ப்ரபோசல் ஃபார்மில் பெற்றோரின் உடல்நலம் பற்றிக் கேட்கும் கட்டத்தை வைத்து ஒரு ரூபாய்கூட ஏற்றக் கூடாது. அந்தக் கட்டத்தை நிரப்பும்போது வாடிக்கையாளர் முகம் மாறுவதை தினமும் பார்ப்பவள் நான்.

கடைசியாக, எக்ஸ்க்ளூஷன் 06-ன்படி 32.5-க்கும் 35-க்கும் நடுவில் இருந்ததால் மறுக்கப்பட்ட க்ளெய்ம்களின் எண்ணிக்கையை நிறுவனம் வாரியாகக் கேட்டு வாங்கி உங்கள் இணையதளத்தில் வெளியிடுங்கள். அந்தப் பைல்களை மறுபடி திறக்கச் சொல்லுங்கள். என் தங்கையுடையதும் அதில் ஒன்று. முன் அனுமதி எண்ணும் மருத்துவ அறிக்கைகளும் என்னிடம் இருக்கின்றன, கேட்டால் அன்றே அனுப்புகிறேன். அடுத்த ரினீவல் ஜனவரியில். லோடிங்கைக் கட்டச் சொல்லி நிறுவனத்திலிருந்து எஸ்எம்எஸ் வரும் முன் உங்கள் எழுத்துபூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
மருத்துவக் காப்பீட்டு முகவர் ஒருவர்,
திண்டுக்கல்.